மாங்கூழ் சீசனில் எங்கள் மெயிலை மாற்றியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் தொழில் மின்னஞ்சலை நடத்தித் தரும் நிறுவனத்தின் பொறுப்பாளர்களுக்கு,

இந்த ஜூன் மாதம் எங்கள் மெயில் பெட்டிகள் எல்லாவற்றையும் உங்கள் பழைய சர்வரிலிருந்து எடுத்து, பெரிய கிளவுட் சேவை ஒன்றுக்கு மாற்றினீர்கள். அதோடு, வெறும் பாஸ்வேர்டை வைத்து மெயில் எடுக்கும் பழைய முறை நின்றுபோனது. நின்றது நல்லதுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் சின்ன ஆலைக்காரர்கள் என்றாலே பாதுகாப்பு ஏற்பாடுகளைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் என்ற எண்ணத்தில்தான் உங்கள் ஆட்கள் பேசுகிறார்கள். என்னால் ஏற்க முடியாதது வேறு. மாற்றுவதற்கு நீங்கள் தேர்ந்தெடுத்த நேரம், தெரியப்படுத்திய விதம், இவை இரண்டையும்விட, சிக்கல் வந்தபிறகு உங்கள் உதவி மையம் எங்களுக்குக் காட்டிய குறுக்குவழிகள். பாதுகாப்புக்காக என்று சொல்லி ஒரு முறையைக் கொண்டுவந்தீர்கள். அதை எப்படி முடக்குவது என்றும் நீங்களே சொல்லிக்கொடுத்தீர்கள்.

நான் காவேரிப்பட்டினம் பக்கத்தில் ஒரு மாங்கூழ் ஆலையில் ஏற்றுமதி ஆவணங்களைப் பார்க்கிறேன். கம்ப்யூட்டர் நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், தனியாக ஐ.டி. ஆள் வைக்கும் அளவுக்குப் பெரிய ஆலை இல்லை. உங்களிடம் முறைப்படி புகார் எழுதினேன். 'தீர்க்கப்பட்டது' என்று குறித்து மூடிவிட்டீர்கள். பர்கூர், போச்சம்பள்ளி பக்கம் உங்கள் சேவையில் இருக்கும் வேறு ஆலைகளிலும் இதே கதை நடந்திருக்கிறது என்று விசாரித்தபோது தெரிந்தது. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

ஜூன் மாதம் கிருஷ்ணகிரியில் என்ன நடக்கும் என்று தேதி குறித்தவர் ஒரு தடவை யோசித்திருக்கலாம். மே கடைசியில் தொடங்கி ஜூலை வரை பெங்களூரா மாங்காய் வரத்து. ஆலை வாசலில் இருந்து ரோடு வரைக்கும் டிராக்டரும் டெம்போவும் வரிசையில் நிற்கும். ராத்திரி ஷிஃப்டும் ஓடும். பழுத்த பழம் யாருக்காகவும் காத்திருக்காது. அரைத்த கூழ் 215 கிலோ டிரம்களில் ஏறும், டிரம்கள் கண்டெய்னரில் ஏறும், கண்டெய்னர் சென்னைத் துறைமுகத்துக்குக் கிளம்பும். வருடத்தில் எங்கள் மெயில் பெட்டிகள் அதிகமாக வேலை செய்வது இந்தச் சில வாரங்களில்தான். அந்த வாரங்களின் நட்ட நடுவில் கை வைத்தீர்கள்.

அன்று காலை அவுட்லுக் பாஸ்வேர்டு கேட்டது. கொடுத்தால் மறுபடியும் கேட்டது. எங்கள் லேப் கம்ப்யூட்டரில் இருப்பது விண்டோஸ் 7, அவுட்லுக் 2010. புது முறை உள்நுழைவு அந்த அவுட்லுக்கில் கிடையவே கிடையாது, எத்தனை தடவை சரியான பாஸ்வேர்டைத் தட்டினாலும் உள்ளே விடாது. லேபில் இருந்த தம்பிக்கு இது எப்படித் தெரியும்? எழுத்து மாறிவிட்டதோ என்று கேப்ஸ் லாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிரிக்ஸ் (கூழின் இனிப்பு அளவு), அமிலத்தன்மை போட்ட பகுப்பாய்வு அறிக்கையை ஸ்கேன் செய்து நேராக மெயிலில் அனுப்பும் ஜெராக்ஸ் மெஷினும் நின்றது. டேலியிலிருந்து போகும் இன்வாய்ஸ் மெயிலும் நின்றது. சென்னையில் எங்கள் கிளியரிங் ஏஜென்ட் பி.எல். (கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீது) வரைவை அனுப்பிவிட்டு, பதில் வராமல் போனில் பிடித்தார். வரைவில் ஒரு எழுத்துப் பிழை இருந்தாலும் கப்பல் கம்பெனி சொல்லும் நேரத்துக்குள் திருத்தம் சொல்லியாக வேண்டும். நேரம் தாண்டினால் திருத்தத்துக்குத் தனியாகப் பணம். வரைவை வாட்ஸ்ஆப்பில் வாங்கி, பெயர்களை போனில் ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக் காட்டிச் சரிசெய்தோம்.

விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியிலேயே ஆதரவு முடிந்துவிட்டது, ஆஃபீஸ் 2010க்கு அதே வருடம் அக்டோபரில். அந்தக் கம்ப்யூட்டரை மாற்றித்தான் ஆக வேண்டும், அதில் வாதம் இல்லை. ஆனால் வாடிக்கையாளரிடம் எந்தக் கம்ப்யூட்டரில் எது ஓடுகிறது, எந்த மெஷின் மெயில் அனுப்புகிறது என்று கணக்கெடுக்காமல் மெயிலை இடம் மாற்றுவது என்ன வேலை? மார்ச்சில் ஒருவரை அனுப்பியிருந்தால் அரை நாளில் எழுதிக்கொண்டு போயிருப்பார். நாங்களும் சீசனுக்கு முன்பே ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருப்போம்.

'முன்கூட்டியே அறிவித்தோம்' என்று பதில் எழுதியிருந்தீர்கள். அந்த அறிவிப்பைப் பிறகு தேடிப் பார்த்தேன். முழுக்க ஆங்கிலம். 'உடனடி நடவடிக்கை தேவை, தவறினால் உங்கள் மெயில் நின்றுவிடும், தொடர இங்கே சொடுக்கவும்.' கீழே ஒரு நீல பட்டன். எந்த ஆலை, எத்தனை பெட்டி, யாரைக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்று ஒரு விவரமும் இல்லை. போலி மெயில்காரர்கள் அனுப்புவதும் அச்சு அசல் இப்படித்தான் இருக்கும். 'இந்த மாதிரி வந்தால் சொடுக்காதே' என்று எங்கள் ஆட்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லி வைத்திருக்கிறோம். உங்கள் அறிவிப்பைத் திறக்காமல் அழித்த எங்கள் கணக்காளர் அக்கா சரியாகத்தான் நடந்துகொண்டார்.

மேலேயிருந்து வந்த கட்டாயம் என்றும் எழுதியிருந்தீர்கள். அப்படியானால் மேலே இருப்பவர்கள் எப்படிச் செய்தார்கள் என்றும் பார்க்கலாம். மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் மெயில் சேவையில் பழைய பாஸ்வேர்டு முறையை நிறுத்தப்போவதாக 2019 செப்டம்பரில் அறிவித்தது, 2020 அக்டோபர் என்று நாளும் குறித்தது. கொரோனா வந்ததும் தள்ளிப்போட்டது. கடைசியில் 2022 அக்டோபர் 1 முதல்தான் படிப்படியாக மூடியது. அறிவித்ததற்கும் மூடியதற்கும் நடுவில் 3 வருடம். கூகுளின் தொழில் மெயில் சேவையான வொர்க்ஸ்பேஸில் பாஸ்வேர்டு மட்டும் கேட்கும் செயலிகள் 2025 மே 1 முதல் நின்றன, அதுவும் முதலில் சொன்ன தேதி இல்லை, தள்ளித் தள்ளி வந்த தேதி. உலகத்துக்கே மெயில் நடத்துகிறவர்கள் வாடிக்கையாளருக்குக் கொடுத்த அவகாசம் இது. உங்கள் சர்வரிலிருந்து எங்களை எந்த மாதம் மாற்றுவது என்பதோ முழுக்க உங்கள் கையில் இருந்தது.

சரி, நேரம் தவறியது. கஷ்டப்பட்டோம், கடந்துவந்தோம். அது மட்டும் என்றால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். பழைய முறையைத் திரும்பத் திறந்துவிடுவது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை நாங்கள் உங்கள் சர்வரிலேயே பார்த்தவர்கள்.

போன வருடம் வளைகுடா நாட்டில் எங்களிடம் பல வருடமாகச் சரக்கு எடுக்கும் ஒரு வியாபாரிக்கு எங்கள் விற்பனை முகவரியிலிருந்து ஒரு மெயில் போனது. 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, மீதித் தொகையைப் புதுக் கணக்குக்கு அனுப்பவும்.' கூடவே எங்கள் பழைய இன்வாய்ஸ், எங்கள் முத்திரையோடு, கணக்கு எண் மட்டும் மாற்றி. ஓர் எழுத்து மாற்றிய போலி முகவரி இல்லை அது. எங்கள் முகவரியே, எங்கள் பெட்டியே. அந்த வியாபாரி எங்கள் முதலாளியை நேரில் அறிந்தவர். போனை எடுத்து, 'என்ன, பேங்க் மாத்திட்டீங்களாமே' என்று கேட்டார். அந்த ஒரு போனால் பணம் தப்பியது. பணம் போயிருந்தால் 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்கு அழைத்துப் புகார் கொடுத்திருக்கலாம்தான். ஆனால் வெளிநாட்டில் இருப்பவர் வெளிநாட்டு வங்கி ஒன்றுக்குப் போட்ட பணத்தை இங்கிருந்து தடுத்து நிறுத்துவது அவ்வளவு சுலபமா?

பெட்டியைத் துழாவியபோது, அந்த வியாபாரி எழுதிய மெயில்கள் எல்லாம் யாரும் திறக்காத ஒரு ஃபோல்டருக்கு நகர்த்தப்பட்டிருந்தது தெரிந்தது. நாங்கள் பார்க்கக் கூடாது என்று யாரோ ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் வருகிறது. அந்தப் பெட்டிக்கு இரண்டாம் படி சரிபார்ப்பு போட்டிருந்தோம். நீங்கள் சொல்லித்தான் போட்டோம். பிரவுசரில் திறந்தால் போனுக்கு எண் வரும், அதைக் கொடுத்தால்தான் உள்ளே போகலாம். திருடன் பிரவுசர் பக்கமே வரவில்லை. ஐமேப் வழியாக, அதாவது மெயில் செயலிகள் சர்வரிலிருந்து மெயில் எடுக்கும் வழியாக, பாஸ்வேர்டை மட்டும் கொடுத்து வந்திருக்கிறான். அங்கே யாரும் எண் கேட்கவில்லை. நீங்கள் கொடுத்த லாகில் (யார் எப்போது நுழைந்தார்கள் என்ற பதிவில்) வெளிநாட்டு ஐபி முகவரியோடு பதிவாகியிருந்தது.

அந்த லாகும் ஒரு வாரத்துக்குத்தான் இருந்தது. அதற்கு முன்னால் எவ்வளவு நாளாக எங்கள் கடிதங்களைப் படித்துக்கொண்டிருந்தான் என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. 'ஒரு வாரத்துக்கு மேல் வைப்பதில்லை' என்று அலட்டிக்கொள்ளாமல் சொன்னீர்கள். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, சேவை நடத்துபவர்கள் லாகுகளை 180 நாள் இந்தியாவுக்குள் வைத்திருக்க வேண்டும் என்கிறது. ஊடுருவல் தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. உங்கள் தொழிலுக்கான சட்டத்தை மாங்காய் அரைக்கும் இடத்திலிருந்து ஒருத்தி எடுத்துச் சொல்ல வேண்டியிருப்பது எனக்கே ஒரு மாதிரியாக இருக்கிறது.

இந்த அனுபவம் இருப்பதால்தான் புது முறை வந்தபோது நான் சந்தோஷப்பட்டேன். உங்கள் உதவி மையத்தில் யாரும் விளக்காததால், மற்ற ஆலைகளில் என் வேலை பார்ப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய முறையில் அவுட்லுக்கும் போனும் ஸ்கேனரும் பாஸ்வேர்டைத் தங்களிடமே வைத்துக்கொண்டு, சர்வரோடு பேசும் ஒவ்வொரு தடவையும் அதைக் காட்டும். நடுவில் நிறுத்தி 'இன்னொரு அத்தாட்சி காட்டு' என்று கேட்க அதில் வழியே இல்லை. பாஸ்வேர்டைக் கண்டுபிடித்தவன் எந்த ஊரிலிருந்தும் எந்த மெஷினிலிருந்தும் வரலாம். ஓஆத் 2.0 என்ற புது முறை (2012லேயே ஆர்.எஃப்.சி. 6749 என்ற இணையத் தரநிலையாக வெளிவந்தது, புதிது என்றே சொல்லக்கூடாது) வேறு மாதிரி. மெயில் செயலியிடம் பாஸ்வேர்டைக் கொடுப்பதே இல்லை. மெயில் சேவையின் சொந்த உள்நுழைவுப் பக்கம் திறக்கும். பாஸ்வேர்டும் இரண்டாம் படியும் அங்கே முடியும். முடிந்ததும் செயலிக்கு ஒரு டோக்கன் கிடைக்கும். எங்கள் ஆலையின் கேட் பாஸ் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வண்டி, இந்த லோடு, இந்த நேரம் என்று எழுதித் தருவோம், டிரைவரிடம் குடோன் சாவியைக் கொடுத்தனுப்ப மாட்டோம். டோக்கனுக்கு ஆயுள் குறைவு, பெரும்பாலும் ஒரு மணி நேரம் போல, பிறகு பின்னாலேயே புதுப்பித்துக்கொள்ளும். ஒரு போன் தொலைந்தால் அந்தப் போனுக்குக் கொடுத்ததை மட்டும் ரத்து செய்யலாம், எல்லோருடைய பாஸ்வேர்டையும் மாற்றத் தேவையில்லை.

இவ்வளவு நல்ல ஏற்பாட்டை எங்களுக்கு விற்றுவிட்டு, சிக்கல் என்று கூப்பிட்டதும் உங்கள் ஆட்கள் என்ன செய்தார்கள்?

முதலில் பேசிய தம்பி, 'மேடம், டூ-ஸ்டெப்பாலதான் பிரச்சினை, நான் பின்னாடி இருந்து எல்லாருக்கும் ஆஃப் பண்ணிடறேன், இப்ப பாருங்க' என்றார். கேட்டுக்கொண்டிருக்கும்போதே செய்துவிட்டார். லேபுக்கு மட்டும் இல்லை, முதலாளி பெட்டி, கணக்குப் பெட்டி, விற்பனைப் பெட்டி, எல்லாவற்றுக்கும். பாஸ்வேர்டு வைத்து மெயில் அனுப்பும் பழைய வழியையும் எல்லாப் பெட்டிக்கும் திறந்துவிட்டார். போன வருடம் திருடன் வந்த வழியை எங்கள் சம்மதம் கேட்காமல் ஒரே போன் காலில் திரும்பத் திறந்தாகிவிட்டது. சண்டை போட்டு மறுபடியும் மூடச் சொன்னேன்.

அடுத்தவர் ஆப் பாஸ்வேர்டு என்றார். 16 எழுத்தில் ஒன்றை உருவாக்கி எனக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பி, 'இதையே எல்லா மெஷினிலயும் போட்டுக்கோங்க' என்றார். ஆப் பாஸ்வேர்டு, அதாவது ஒரு செயலிக்கென்று தனியாக உருவாக்கும் பாஸ்வேர்டு, இரண்டாம் படியைத் தாண்டிப் போகும், தானாகக் காலாவதி ஆகாது. புது முறை தெரியாத பழைய மெஷின் ஒன்றுக்குக் கடைசி வழியாக அதை வைத்துக்கொள்ளலாம், மெஷினுக்கு ஒன்று என்ற கணக்கில். ஒரே எழுத்துக்கோவையை லேபிலும் ஸ்கேனரிலும் ராத்திரி ஷிஃப்ட் போனிலும் போடுவது என்றால், அதற்கு நாங்கள் பழைய சர்வரிலேயே இருந்திருக்கலாமே.

மூன்றாவது யோசனைதான் எனக்கு ரொம்ப ஆத்திரம் தந்தது. லோடிங் ஆபீஸ் பெட்டிக்கு வரும் மெயில்களை அங்கே வேலை பார்ப்பவரின் சொந்த இலவச மெயிலுக்குத் தானாகத் திருப்பிவிடலாம் என்றார்கள். கண்டெய்னர் எண், சீல் எண், வாங்குபவர் பெயர், விலை, எல்லாம் அந்த மெயிலில் இருக்கும். நாளைக்கு அவர் வேறு ஆலைக்குப் போனால் எங்கள் வியாபாரம் மொத்தமும் அவர் பாக்கெட்டில் போகும். அவர் நல்ல மனிதர் என்பது வேறு விஷயம்.

இரண்டாம் படியைத் திரும்பப் போட்டபோது, எல்லாப் பெட்டிக்கும் முதலாளியின் ஒரே போன் எண்ணைக் கொடுத்தீர்கள். கேட்டால், 'பில் அவர் பெயரில்தானே' என்று பதில். முதலாளி சீசனில் தோப்பில் இருப்பார், மண்டியில் இருப்பார், ராத்திரி ஒரு மணிக்குத் தூங்குவார். ராத்திரி லோடிங்கில் இருப்பவர் மெயில் திறக்க அவரை எழுப்ப வேண்டும். அவரோ, தூக்கக் கலக்கத்தில் யார் கேட்டாலும் எண்ணைச் சொல்லிவிடுவார். இதற்குப் பெயர் சரிபார்ப்பா? ஆத்தென்டிகேட்டர் செயலி ஒவ்வொருவர் போனிலும் இருந்தால், அது காட்டும் எண் அந்தப் போனுக்குள்ளேயே நேரத்தை வைத்துக் கணக்கிடப்படுவது. எஸ்.எம்.எஸ். வர வேண்டியதில்லை, சிக்னல்கூட வேண்டாம். எங்கள் தகர ஷெட்டுக்குள் சிக்னல் வராது என்பதால் எங்களுக்கு இது பெரிய விஷயம். இதைப் பற்றி உங்கள் ஆட்களில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

செயலி காட்டும் எண்ணையும் போலிப் பக்கம் வைத்துப் பிடுங்குகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அதற்குத்தான் பாஸ்கீயும் (பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் போனிலோ கம்ப்யூட்டரிலோ இருக்கும் சாவி) யு.எஸ்.பி.யில் செருகும் பாதுகாப்புச் சாவியும் இருக்கின்றன. உண்மையான தளத்தின் முகவரியோடு கட்டப்பட்டவை என்பதால் போலிப் பக்கத்தில் அவை வேலை செய்யாது. எல்லோருக்கும் உடனே வேண்டும் என்று கேட்கவில்லை. பணம் சம்பந்தப்பட்ட கடிதம் எழுதும் முதலாளிக்கும் கணக்காளருக்கும் மட்டுமாவது நீங்கள் பரிந்துரைத்திருக்க வேண்டும்.

பிறகு பில் வந்தது. 'இரட்டைப் பாதுகாப்பு அமைப்பு' என்று பெட்டி வாரியாக ஒரு கட்டணம். மைக்ரோசாஃப்டின் அடிப்படைப் பாதுகாப்பு அமைப்பும் சரி, கூகுளின் இரண்டடுக்கு சரிபார்ப்பும் சரி, சந்தாவுக்குள்ளேயே வருபவை, தனிக் காசு கிடையாது. இந்த நாட்டிலிருந்து வந்தால் விடாதே, இந்தக் கம்ப்யூட்டர் என்றால் மட்டும் விடு என்பது போன்ற நுணுக்கமான விதிகளுக்கு மேல்தரத் திட்டம் வாங்க வேண்டும், அது நியாயம். இலவசமாக இருக்கும் பொத்தானை அழுத்துவதற்கு வருடாந்திரக் கட்டணம் போடுவது நியாயம் இல்லை. வேலைக்கூலி என்றால் ஒரு தடவை வாங்குங்கள், தருகிறோம். அதேபோல விற்பனை, கணக்கு, லோடிங் என்ற மூன்று பொது முகவரிகளுக்கும் தனித்தனி லைசென்ஸ் விற்று, ஒவ்வொன்றுக்கும் ஒரு பாஸ்வேர்டு வைத்து, அதை நாலு பேருக்குக் கொடுக்கச் சொன்னீர்கள். மைக்ரோசாஃப்டில் 50 ஜிபி வரை பகிர்வுப் பெட்டிக்கு லைசென்ஸே வேண்டாம். அவரவர் தன் பெயரில் நுழைந்து அந்தப் பெட்டியைத் திறக்கலாம், யார் எப்போது நுழைந்தார்கள் என்பதும் தெரியும், வேலையை விட்டுப் போகிறவரின் கணக்கை மூடினால் போதும். கூகுளிலும் இதற்கு வழி உண்டு. காசு போனதைவிட, பொதுப் பாஸ்வேர்டு என்ற பழக்கத்தை நீங்களே எங்களுக்கு ஊட்டிவிட்டீர்கள் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. மாற்றியபின் எங்கள் மெயில்கள் சில வாங்குபவர்களின் ஸ்பேம் ஃபோல்டரில் விழத் தொடங்கின. உங்கள் ஆட்கள் எங்கள் டொமைனின் (மெயில் முகவரியில் @க்குப் பின்னால் வரும் பெயர்) டி.என்.எஸ். பதிவில், எங்கள் பெயரில் எந்த சர்வர் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்.பி.எஃப். வரிகளில் பழைய சர்வருக்கானதை அப்படியே விட்டுவிட்டு, புது சேவைக்கு இரண்டாவதாக ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். ஒரு டொமைனுக்கு ஒரு எஸ்.பி.எஃப். வரிதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் பெறுகிற சர்வர் பிழை என்று எடுத்துக்கொள்ளும், இரண்டுமே செல்லாமல் போகும். மெயில் எங்களிடமிருந்துதான் வந்தது என்று காட்டும் டீக்கிம் கையொப்பத்தை இயக்கவே இல்லை. 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் மெயில் அனுப்பும் எல்லோரிடமும் இவற்றில் ஒன்றாவது கேட்கிறார்கள், மொத்தமாக அனுப்புகிறவர்களிடம் டிமார்க்கும் (இந்தச் சோதனைகளில் தேறாத மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் விதி) சேர்த்துக் கேட்கிறார்கள். எங்கள் பெயரில் வேறு எவனாவது மெயில் அனுப்பினால் தடுக்க உதவுவதும் இவைதான். ஏற்கெனவே ஒரு தடவை எங்கள் பெயரைச் சொல்லிப் பணம் கேட்டார்கள் என்று தெரிந்த இடத்தில் இது இப்படிக் கிடக்கிறது.

இனி எங்கள் கோரிக்கைகள். ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் பதில் வேண்டும்.

எங்கள் சம்மதம் இல்லாமல் உதவி மையத்தில் யாரும் இரண்டாம் படி சரிபார்ப்பை நிறுத்தக் கூடாது, பழைய பாஸ்வேர்டு வழியைத் திறக்கக் கூடாது. நிறுத்த வேண்டி வந்தால் எங்கள் ஆலையில் நாங்கள் குறிப்பிடும் இருவரில் ஒருவரை நீங்கள் திரும்ப அழைத்து உறுதி செய்ய வேண்டும். அன்று கேட்காமல் திறந்தவை எல்லாம் உண்மையிலேயே மூடப்பட்டுவிட்டனவா, எந்தெந்தப் பெட்டிக்கு ஆப் பாஸ்வேர்டு இருக்கிறது, எங்கெல்லாம் தானாகத் திருப்பும் ஏற்பாடு இருக்கிறது என்று பட்டியல் தாருங்கள். வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய அந்த 16 எழுத்தை இந்த வாரமே ரத்து செய்யுங்கள்.

ஸ்கேனருக்கு ஆப் பாஸ்வேர்டுகூட வேண்டாம். எங்கள் இணைய இணைப்புக்கு நிலையான ஐபி முகவரி இருக்கிறது. அதிலிருந்து வருவதை மட்டும் ஏற்று அனுப்பும் ரிலேவை (இடையில் நின்று மெயிலை வாங்கி அனுப்பும் ஏற்பாட்டை) அமைத்துத் தாருங்கள், இரண்டு பெரிய சேவைகளிலும் அதற்கு வசதி உண்டு. லேப் கம்ப்யூட்டரை நாங்கள் மாற்றுகிறோம், முதலாளி ஒப்புக்கொண்டுவிட்டார்.

மூன்று பொது முகவரிகளையும் பகிர்வுப் பெட்டியாக மாற்றி, அவற்றுக்கு வாங்கிய லைசென்ஸ் தொகையை அடுத்த பில்லில் கழியுங்கள். 'இரட்டைப் பாதுகாப்பு' கட்டணத்தை நீக்குங்கள். ஒவ்வொருவரின் இரண்டாம் படியும் அவரவர் போனில் இருக்க வேண்டும், ஸ்மார்ட்போன் இல்லாதவர்களுக்கு வன்பொருள் சாவி. போன் தொலைந்தால் பயன்படுத்தும் காப்புக் குறியீடுகளை அச்சிட்டு எங்கள் ஆபீஸ் பீரோவில் வைக்க ஏற்பாடு செய்யுங்கள்.

நிர்வாகக் கணக்கு இப்போது உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. எங்களுக்கும் ஒன்று வேண்டும், பாதுகாப்புச் சாவியோடு. டொமைன் எங்கள் ஆலையின் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும். எஸ்.பி.எஃப். வரிகளை ஒன்றாக்கி, டீக்கிம்மை இயக்கி, டிமார்க்கை முதலில் கண்காணிப்பு நிலையிலும் எல்லாம் சரியாகப் போகிறது என்று தெரிந்ததும் நிராகரிக்கும் நிலையிலும் வையுங்கள். லாகுகளை 180 நாள் வையுங்கள், கேட்டால் எங்களுக்குத் தாருங்கள்.

கடைசியாக, எங்கள் ஆலைக்கு மட்டுமல்லாமல் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் உங்களிடம் மெயில் வைத்திருக்கும் எல்லோருக்குமாக ஒன்று. இனி எந்த மாற்றமும் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை வேண்டாம். மாற்றுவதற்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பு தமிழில் ஒரு கடிதம், உங்கள் முத்திரையோடு, தபாலில் அனுப்புங்கள், சொடுக்கச் சொல்லும் பட்டன் இல்லாமல். அதில் பொறுப்பாளர் பெயரும் அலுவலகத் தொலைபேசி எண்ணும் இருக்கட்டும். மாங்காய் வேலை இல்லாத மாதங்களில் கிருஷ்ணகிரியில் ஒரு நாள் கூட்டம் போட்டு, ஆத்தென்டிகேட்டரை எப்படிப் போடுவது, போலி உள்நுழைவுப் பக்கத்தை எப்படி அடையாளம் காண்பது, கணக்கு எண் மாறியதாக மெயில் வந்தால் யாரிடம் கேட்பது என்று எங்கள் ஆட்களுக்கு நேரில் காட்டுங்கள். கூட்டம் நடத்த இடம் நாங்கள் ஏற்பாடு செய்கிறோம்.

எங்கள் சந்தா டிசம்பரில் முடிகிறது. அக்டோபர் 31க்குள் உங்கள் பதில் வர வேண்டும். வராவிட்டால் டொமைனையும் பெட்டிகளையும் வேறு இடத்துக்கு மாற்றுவதற்கான கோரிக்கையை நவம்பர் முதல் வாரத்தில் அனுப்புவோம். அதற்குத் தேவையான குறியீடுகளைத் தாமதமில்லாமல் தருவீர்கள் என்பதையும் அதே பதிலில் உறுதி செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஏற்றுமதி ஆவணப் பிரிவு,
மாங்கூழ் ஆலை ஒன்று,
காவேரிப்பட்டினம், கிருஷ்ணகிரி மாவட்டம்